தாயைவிட்டு வந்த ஆட்டுக்குட்டிகள்: நகர வளவில் முதல் பத்து நாள்

தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்த குட்டி கத்தும். முதல் இரண்டு நாள் கடுமையாகக் கத்தும். மூன்றாம் நாள் தொண்டை கட்டிக் குரல் கரகரக்கும், பிறகு மெல்ல அடங்கும். காட்டோரப் பட்டியில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. நகரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் படுத்திருக்கிறது, சோதனைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது. வாங்கியவர்கள் முதல் இரவே பதறிப்போய்க் குட்டியை வீட்டுக்குள் தூக்கி வைக்கிறார்கள், கண்டதையும் தின்னக் கொடுக்கிறார்கள், அதிலேதான் குட்டிக்கு நோய் வருகிறது. பசி, குளிர், தனிமை, தாயின் தேட்டம், நோவு எல்லாவற்றுக்கும் வேறு வேறு கத்தல் உண்டு. அதைக் கேட்டுப் பிரிக்கப் பழகினால் மிச்ச வேலை லேசு. கத்திக்கொண்டிருந்த குட்டி, வந்த இரண்டாம் மூன்றாம் நாளில் சட்டென்று அடங்கித் தலையைத் தொங்கப்போட்டால், அப்போதுதான் ஓடவேண்டும்.

கீழே உள்ள அளவுகள் கிளிநொச்சி நகர்ப்பக்கத்தில் 4 பரப்பு, அதாவது கால் ஏக்கர், வளவொன்றில் இரண்டு மறிக்குட்டிகளுக்காக, அதாவது பெட்டைக் குட்டிகளுக்காக, செய்த வேலையினுடையவை. குட்டிகள் கனகராயன்குளம் பக்கத்துப் பட்டியிலிருந்து வந்த, ஜமுனாபாரி என்ற பெரிய ஆட்டினத்தின் கலப்பு. வயது 10 கிழமை, எடை 8, 9 கிலோ. ஊராட்டுக் குட்டியென்றால் அதே வயதில் எடை குறைவாக இருக்கும், தீன் அளவையும் அதற்கேற்பக் குறைக்கவேண்டும்.

வாங்குகிற இடத்தில்

தனிக்குட்டி வாங்கவே கூடாது. ஆடு கூட்டத்தோடு வாழ்கிற பிராணி. தனிக்குட்டியின் கத்தல் மூன்று நாளில் முடியாது, மாதக்கணக்கில் இழுக்கும். ஒரு தாயின் இரட்டைக்குட்டிகள் கிடைத்தால் மிக நல்லது, இல்லாவிட்டால் ஒரே கொட்டிலில் ஒன்றாக நின்ற இரண்டு. வேறு வேறு இடங்களில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தால் இரண்டும் முட்டுப்படும், தனித்தனியே நின்று கத்தும், ஒரு பட்டியின் நோய் மற்றதற்கும் தொற்றும். நகர வளவுக்கு இரண்டு மறி பொருத்தம், அல்லது ஒரு மறியும் காயடித்த கிடாயும். காயடிக்காத கிடாய்க்குட்டி மூன்று நாலு மாதத்திலேயே மறியில் ஏறத் தொடங்கிவிடும். வளர்ந்தபின் அதன் வெடிலை அயலவர் பொறுக்கமாட்டார்கள்.

வயதை வாய்வார்த்தையில் நம்பவேண்டாம். கொட்டிலடியில் அரைமணி நேரம் நின்று குட்டி குழை தின்கிறதா, படுத்திருந்து இரைமீட்கிறதா என்று பாருங்கள். இரைமீட்காத குட்டி இன்னும் பால்குட்டிதான், அதற்குப் போத்தல் பால் வேண்டும். பால் மறக்கடிக்க 8 கிழமைக்குக் குறையக்கூடாது, 12 கிழமை என்றால் பிரிவின் கத்தலே குறைவாக இருக்கும். கீழ் இமையை விரலால் இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருக்கவேண்டும், வெளிறியிருந்தால் இரத்தம் உறிஞ்சும் குடற்புழு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பின்பக்கம் சாணி ஒட்டாமல் உலர்ந்திருக்கவேண்டும். உதட்டோரத்தில் பொருக்குப் புண் இருந்தால் அந்தப் பட்டியிலேயே வாங்கவேண்டாம். அது மற்றக் குட்டிகளுக்கும் தொற்றும், தொட்ட மனிதர் கைக்கும் தொற்றும்.

மூன்று பொருளைக் கேட்டு வாங்கிவரவேண்டும்: அங்கே தின்ற அதே குழையில் இரண்டு கட்டு, தின்ற தவிடு புண்ணாக்கில் இரண்டு கிலோ, தாய் படுத்த சாக்கு ஒன்று. சாக்கைக் கழுவக்கூடாது, அதில் ஊறியிருக்கிற மணத்துக்காகத்தான் கொண்டுவருகிறோம்.

கிளிநொச்சி நகரம் கரைச்சிப் பிரதேச சபைக்குள் வருகிறது. வளவுக்குள் ஆடு வளர்ப்பதுபற்றி உங்கள் சபையிலும், ஏற்றிவருவதற்கான பத்திரம்பற்றி கால்நடை வைத்தியர் அலுவலகத்திலும் முதலே கேட்டுவிடுங்கள். வீதியில் மறித்தபிறகு யோசிக்கிற விஷயம் அல்ல அது.

கொட்டில்

குட்டி வருவதற்கு முதல்நாளே கொட்டில் முடிந்திருக்கவேண்டும். சுத்தியல் சத்தத்துக்கு நடுவில் புதுக்குட்டி ஒருபோதும் படுக்காது.

நீளம் 6 அடி, அகலம் 4 அடி, தரையிலிருந்து தட்டு இரண்டரை அடி உயரம். நீளப்பாட்டுக்குப் பக்கத்துக்கு மூன்றாக ஆறு கால்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை அடி மண்ணுக்குள். எதிரெதிர்க் கால்களை இணைத்து 4 அடிச் சட்டம் மூன்று, அதன்மேல் நீளவாட்டில் 6 அடிச் சட்டம் மூன்று, அதற்குமேல் தட்டு. தட்டுக்கு 2 அங்குல அகலப் பனஞ்சிலாகை, 4 அடி நீளத்தில் 29 துண்டு. இடைவெளி அரை அங்குலம். இது கண்மதிப்பில் செய்கிற வேலை இல்லை. அரை அங்குலத் தடிப்பில் ஒரு தடியைச் சீவி, ஒவ்வொரு சிலாகைக்கும் இடையில் அதை வைத்து நெருக்கி ஆணி அடித்து, தடியை உருவி அடுத்ததற்கு வைக்கவேண்டும். இடைவெளி ஓர் அங்குலத்தை நெருங்கினால் குட்டியின் குளம்பு இறங்கும். இறங்கிய காலை இழுத்தெடுக்கத் துள்ளும்போது எலும்பு முறியும். இடைவெளியைக் கால் அங்குலத்துக்குக் குறைத்தால் புழுக்கை கீழே விழாது, மூத்திரத்தோடு கலந்து சேறாகும். பனஞ்சிலாகையில் சிராம்பு நிறைய வரும். மேற்பக்கத்தைச் சீவுளி போட்டு, உள்ளங்கையால் தடவி, கையில் குத்தாதவரை தேய்க்கவேண்டும். ஆணித்தலை எல்லாம் மரத்துக்குள் இறங்கியிருக்கவேண்டும்.

ஏறி இறங்க 5 அடி நீளம், 1 அடி அகலப் பலகை, அரை அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம். இந்தக் குறுக்குச் சட்டத்தை விட்டுவிட்டால் மாரியில் ஈரப்பலகையில் குட்டி வழுக்கும், ஒருதரம் விழுந்த குட்டி பலகையைக் கண்டாலே பின்வாங்கும்.

கிளிநொச்சி இருக்கிற வன்னியில் கொட்டிலின் வடக்கும் கிழக்கும் அடைப்பாக இருக்கவேண்டும். ஐப்பசி தொடக்கம் தை வரை மழையும் வாடையும் அந்தப் பக்கத்தால்தான் அடிக்கும். 2022 டிசம்பரில் மண்டோஸ் புயலோடு வந்த குளிர்க்காற்றில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் மாடுகளும் ஆடுகளும் பெருமளவில் செத்தன. நனைந்த உடம்பில் காற்றுப் பட்டால் வளர்ந்த மாடே தாங்காது. ஆகவே அந்த இரண்டு பக்கமும் தட்டிலிருந்து 3 அடிக்குப் பலகை அல்லது இரட்டைக் கிடுகு, அதற்குமேல் காற்றோட்டத்துக்குத் திறப்பு. தறப்பாளால் நாலு பக்கமும் மூடிக் கட்டுவது பெரிய பிழை. உள்ளே மூத்திர ஆவி தேங்கிச் சளி பிடிக்கும். குனிந்து உள்ளே முகத்தை வைத்துப் பாருங்கள், உங்கள் கண் எரிந்தால் குட்டியின் நெஞ்சும் எரிகிறது. மற்ற இரண்டு பக்கத்துக்கும் இரண்டு அங்குலக் கண் உள்ள வலை. நாலு அங்குலச் சதுர வலையில் தலையை விட்டுக் கொம்பு மாட்டி நிற்கும்.

கூரைக்குக் கிடுகுதான் நல்லது. தகரம் வெயிலில் காயும், மழையில் இரையும், குட்டியின் குரலைத் தெறிக்கவைத்து அயலுக்கு அனுப்பும். தகரம்தான் கைவசம் இருக்கிறதென்றால் மேலே ஒரு அடுக்குக் கிடுகு பரப்பிக் கட்டுங்கள். ஓரக் கிடுகு குட்டியின் வாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும், எட்டினால் ஒரு மாதத்தில் கூரை இராது.

இடம் தெரிவதில் மூன்று கணக்கு. கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளியிருக்கவேண்டும். அயல்வீட்டுப் படுக்கையறைப் பக்கமோ, இரண்டு மதில் சந்திக்கிற மூலையோ கூடாது, மூலை குரலைப் பெருக்கும். மூன்றாவதைத்தான் பலர் யோசிப்பதில்லை: வாசல் உங்கள் குசினிக் கதவைப் பார்த்திருக்கக்கூடாது. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் தீன் வருகிறது என்று நினைத்து இரண்டும் சேர்ந்து கத்தும், அந்தப் பழக்கம் பிறகு போகாது.

ஏற்றிவருவதும் முதல் நாளும்

விடியற்காலையில் ஏற்றி வெயில் ஏறுமுன் இறக்கிவிடவேண்டும். நாலு காலையும் சேர்த்துக் கட்டிச் சாக்கில் போட்டு மோட்டார்சைக்கிளில் கொண்டுவருவது வழக்கமாக இருக்கலாம், ஆனால் அப்படி வந்த குட்டி ஒரு நாள் முழுக்கத் தீனைத் தொடாமல் நிற்கும், வயிறும் ஊதும். ஓட்டோவில் பின் இருக்கைக் காலடியில் வைக்கல் பரப்பி, தாயின் சாக்கை விரித்து, பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு இருந்தால் போதும். ஏற்றுமுன் தவிடு கொடுக்கவேண்டாம், குழை மட்டும்.

இறக்கியவுடன் கொட்டிலுக்குள் சாக்கை விரித்து இரண்டையும் ஒன்றாக விடுங்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் பெருவிரலளவு பனங்கட்டியும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்து வையுங்கள். பிறகு விலகிவிடுங்கள். தெருப்பிள்ளைகள் பார்க்க வருவார்கள், தூக்கிப்பார்க்க ஆசைப்படுவார்கள். மூன்று நாள் பொறுக்கச் சொல்லவேண்டும்.

அயலுக்கு முதல்நாளே ஒரு சொல் சொல்லிவிடுவது எந்தக் கொட்டில் வேலையையும்விடப் பயன் தரும். “அக்கா, நாளைக்கு ரெண்டு குட்டி வருது. ரெண்டு மூண்டு இரவு கத்தும், பிறகு அடங்கிவிடும். குறை நினைக்காதேங்கோ.” இவ்வளவுதான். சொல்லாமல் விட்டால் இரண்டாம் இரவு வேலிக்கு மேலால் கேள்வி வரும்.

மாலை ஆறு மணிக்குக் கத்தல் உச்சத்துக்குப் போகும். அதற்குக் காரணம் பட்டி வழக்கத்தில் இருக்கிறது. பகலில் தாயாடுகள் மேயப் போகும், குட்டிகள் கொட்டிலில் நிற்கும், பொழுதுபட மடியில் பாலோடு தாய் திரும்பும். குட்டியின் உடம்பு அந்த நேரத்தை மறக்காது. எனவே நாளின் நல்ல தீனை அதற்கு முன்னமே, ஐந்தே முக்காலுக்குக் கொடுத்துவிடுங்கள். வயிறு நிறைந்து இரைமீட்கத் தொடங்கிய குட்டிக்குக் கத்த நேரமில்லை. விடியற்காலைக் கத்தலும் இதே கணக்குத்தான், ஐந்தரைக்கு ஒரு கட்டுக் குழை.

கத்தும்போது போகக்கூடாது. கத்தினால் ஆள் வரும் என்று குட்டி ஒரே நாளில் படித்துக்கொள்ளும். சத்தம் நின்று இருபது எண்ணும் அளவு அமைதி வந்தபின் போங்கள். நேரம் தப்பாமல் போங்கள். போகும்போதெல்லாம் தவிட்டுப் பேணியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போங்கள். இதன் பயன் பத்தாம் நாள் தெரியும்.

இரவுக்கு உள்ளே ஒரு மூலையில் 2 அடிச் சதுர மரப்பெட்டியைப் பக்கவாட்டில் கிடத்தி உலர்ந்த வைக்கலும் சாக்கும் போட்டால் இரண்டும் அதற்குள் ஒட்டிப் படுக்கும். மழைக் குளிர் என்றால் சுடுதண்ணீர்ப் போத்தலைச் சாக்கில் சுற்றி நடுவில் வைக்கலாம். சூட்டுப் பல்பைக் கிடுகுக் கூரையில் தொங்கவிடவேண்டாம், ஒரு துள்ளலில் பல்ப் விழுந்தால் கொட்டிலே எரியும். கதவுக்கு உள்ளே கொளுக்கி போதாது, வெளியே பூட்டு வேண்டும். கட்டாக்காலி நாய்கள் குட்டியின் கத்தலைக் கேட்டே வரும். குளத்தோர வளவுகளில் வெங்கிணாந்தி என்ற மலைப்பாம்பும் வரும், அதனால் தட்டின் அடியும் இரவில் வலையால் அடைபட்டிருக்கட்டும்.

குரலைப் பிரிப்பது

வாயை அகலத் திறந்து, நாக்கு வெளியே தெரிய, ஒரே நீளத்தில் திரும்பத் திரும்ப வருவது தாயைத் தேடும் கத்தல். இதற்கு மருந்து நாள்தான். உங்களைக் கண்டதும் கூடி, நீங்கள் மறைந்ததும் குறைவது பசியோ பழக்கமோ. வாய் மூடி மூக்கால் மெல்ல வரும் முனகல் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது, அது கேட்டால் நிம்மதியாகப் படுக்கலாம். இடைவெளியே இல்லாமல் கீச்சென்று ஒரே அலறலாக வந்தால் கால் மாட்டியிருக்கிறது, தலை மாட்டியிருக்கிறது, அல்லது நாய் நிற்கிறது. அதற்கு இருபது எண்ணக்கூடாது. பல்லை நெறுமிக்கொண்டு, முதுகைக் கூனி, அடிவயிற்றால் முனகுவது வயிற்று நோவு.

ஏழு நாள் கடந்தும் தாய்க்கத்தல் தொடர்ந்தால் எங்கோ பிழை. அனேகமாகத் தீன் போதாது, அல்லது பக்கத்து வளவில் வேறு ஆடு கத்துவதைக் கேட்கிறது.

தீன்

8 கிலோக் குட்டிக்கு நாளுக்கு ஒரு கிலோ இலை வயிற்றுக்குள் போகவேண்டும். தண்டு கழிவதால் ஒன்றரை முதல் இரண்டு கிலோக் குழை கட்டவேண்டிவரும். தரையில் போட்டு மிதித்த குழையை ஆடு தொடாது. தலைக்குச் சற்று மேலே, கயிற்றில் சுருக்கு எதுவும் தொங்காமல் இறுக்கிக் கட்டவேண்டும்.

நகரத்தில் கைக்கெட்டுவது வேலியில் கதியாலாக நட்டுத் தழைக்கிற கிளிசரியா. அதைத் தெரியாத குட்டி பச்சையாக முகர்ந்துவிட்டு விலகும், மணம் ஒத்துவராது. மாலையில் வெட்டி நிழலில் தொங்கவிட்டு மறுநாள் காலை வாடலாகக் கொடுத்தால் தின்னப் பழகும். முதல் இரண்டு நாள் கொண்டுவந்த குழை மட்டும், மூன்றாம் நாள் அதில் கால்பங்கு புதுக்குழை, பிறகு இரண்டு நாளுக்கு ஒரு கால்பங்காகக் கூட்டுங்கள். பூவரசு, முள்முருக்கு, பலா, அகத்தி எல்லாம் நல்லது. இப்பில் இப்பில் சத்தானதுதான், ஆனால் மொத்தத்தில் மூன்றிலொன்றுக்கு மேல் போனால் மயிர் கொட்டும். காட்டோரம் குழை வெட்டப் போகிறவர்கள் மிதிவெடி அபாயப் பலகை நிற்கிற பக்கம் கால் வைக்கவேண்டாம், எவ்வளவு நல்ல குழை நின்றாலும்.

தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் இரண்டுக்கு ஒன்று கலந்து ஒரு குட்டிக்கு 50 கிராமில் தொடங்கி, இரண்டு கிழமையில் 100 கிராமுக்குக் கொண்டுவரலாம். அதற்குமேல் அவசரப்படக்கூடாது. தவிட்டில் பொசுபரசு கூட, கிடாய்க்குட்டிக்கு அளவு மிஞ்சினால் மூத்திரக்குழாயில் கல் அடைக்கும். கல்யாண வீட்டு மிச்சச் சோறு, பாண், பொங்கல், வாழைப்பழம் என்று அன்பாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சோறு இரைப்பையில் புளித்து, ஒரு கோப்பை அளவே சின்னக் குட்டியைச் சாய்த்துவிடும். கத்துகிற குட்டியைச் சோறு போட்டு அமைதியாக்குவதுதான் நகரத்தில் நடக்கிற மிகக் கெட்ட பிழை.

பால்குட்டிதான் வந்துவிட்டதென்றால், நாளுக்கு எடையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு பால். 3 கிலோக் குட்டிக்கு 450 மில்லிலீற்றர், நாலு தரமாகப் பிரித்து. பசுப்பால் போதும், 39 பாகை செல்சியஸ் சூட்டில், மணிக்கட்டில் விட்டால் இளஞ்சூடாக இருக்கவேண்டும். குட்டியை நிற்கவைத்து, தாயின் மடி இருக்கிற உயரத்தில் போத்தலைப் பிடித்து, கழுத்தை முன்னுக்கு நீட்டிக் குடிக்கவிடுங்கள். குழந்தையைப் போல மடியில் மலர்த்திக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குப் போகும். போத்தலைக் கவிழ்த்தால் சூப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழவேண்டும், ஓடக்கூடாது.

அடங்கிப்போன குட்டி

தலை தொங்கி, மயிர் சிலிர்த்து, மற்றது தின்னும்போது தான் ஒதுங்கி நின்றால் முதலில் சூடு பாருங்கள். சாதாரண டிஜிட்டல் உடல்வெப்பமானியின் நுனியில் தேங்காயெண்ணெய் தடவி ஆசனவாய்க்குள் வைத்தால் 38.5 முதல் 39.5 வரை காட்டவேண்டும். 40.5 தாண்டினால் காய்ச்சல், சளி இருக்கிறதா என்று மூக்கையும் மூச்சையும் பார்க்கவேண்டும். 38க்குக் கீழே என்றால் குளிர்ந்துவிட்டது. குளிர்ந்த குட்டிக்குப் பால் வார்க்கக்கூடாது, வயிறு அதைச் செமிக்காது. துடைத்து, சாக்கில் சுற்றி, சூடு ஏறியபின்தான் பால்.

இடம் மாறிய முதல் இரண்டு மூன்று கிழமைக்குள் கழிச்சல் வருவது வழக்கம். புழுக்கை இளகி, சளியோ இரத்தமோ கலந்தால் குடலைப் புண்ணாக்கும் கொக்சிடியா என்ற நுண்ணுயிராக இருக்கக்கூடும். அதற்குப் புழு மாத்திரை வேலை செய்யாது. புதுப் புழுக்கையை ஒரு சிறு போத்தலில் எடுத்துக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். போகும்வரைக்கும் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் 6 மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து அடிக்கடி சிறிது சிறிதாக. எந்த மருந்தும் எடைக்கணக்கில்தான் கொடுக்கப்படும், ஆகவே குட்டியைச் சாக்கில் இட்டுத் தொங்கு தராசில் நிறுத்து, எழுதிக்கொண்டு போங்கள். இடது விலாப் பக்கம் மேளம்போல் உப்பினால் வயிறு ஊதியிருக்கிறது, அதற்கு நாளைவரை காத்திருக்க முடியாது.

மணம் பற்றி ஒரு சொல். தட்டுக்கு அடியில் அரிசி ஆலை உமியை மூன்று அங்குலம் பரப்பி, மூன்று நாளுக்கு ஒருமுறை வாரி எடுத்தால் ஈயும் வராது, மணமும் வராது. வாரியது வாழைக்கும் கத்தரிக்கும்.

வெளியே விடுதல்

பத்தாம் நாள், பின்னேரம் நாலு மணிக்கு, தவிடு கொடுக்குமுன் திறந்துவிடுங்கள். பசி இருந்தால்தான் திரும்பி வரும். அதற்கு முதல் வளவை ஒருதரம் சுற்றிப் பார்த்து சொப்பின் பை, நூல், கட்டுக்கம்பித் துண்டு எல்லாம் பொறுக்கவேண்டும். பூசைக்கென்று வேலியோரம் நிற்கிற அலரியை வலை கட்டி மறைக்கவேண்டும், செவ்வலரியோ பொன்னலரியோ இரண்டும் நஞ்சு. மரவள்ளி இலையும் வேண்டாம். ஆடாதோடை நின்றால் கவலையில்லை, பேரே சொல்கிறது.

கிணறுதான் பெரிய பயம். குட்டிக்கு உயரமான எதையும் கண்டால் ஏறவேண்டும். இரண்டரை அடிக் கிணற்றுக்கட்டு அதற்கு ஒரே துள்ளல். கிணற்று வாய்க்கு இரும்புச் சட்டத்தில் வலை போட்டு நாலு பக்கமும் கம்பியால் கட்டாமல் குட்டியை வெளியே விடவேண்டாம். கயிற்றில் கட்டி விடுவதும் இந்த வயதில் பாதுகாப்பில்லை. கட்டின்மேல் ஏறி மறுபக்கம் குதித்தால் கயிறு கழுத்தை நெரித்துவிடும்.

ஒரு மணி நேரம் போதும். பொழுது சாயுமுன் பேணியை இரண்டு தட்டுத் தட்டுங்கள். பத்து நாளும் அந்தச் சத்தத்தோடு தீன் தின்ற குட்டிகள் பலகையில் ஓடி ஏறும். ஏறாமல் முற்றத்தில் நின்று பார்த்தால் துரத்தவேண்டாம். தவிட்டை உள்ளே வைத்துவிட்டு நீங்கள் விலகி நில்லுங்கள், ஒன்று ஏறினால் மற்றது பின்னாலேயே ஏறும்.